ரொட்டியால் மூடிய கிளாஸ்

அர்காதி இறந்து பன்னிரண்டாம் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ட்ரெவர் ஊரிலிருந்து திரும்பி வந்தார். சாவுச் செய்தி அவருக்குத் தெரியாது. போனில் சொல்ல வேண்டாம், நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று நாங்கள் மூவரும் முடிவு செய்திருந்தோம். எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம்: கெட்ட செய்தியை முதல் கிளாஸ் காலியான பிறகுதான் சொல்வோம்.

நாங்கள் வேலை பார்த்த அக்சாய் ஊரின் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்தது ரைசாவின் பப். ஒரு காலத்தில் ரயில்வேக்காரர்கள் சாப்பிட்ட கூடம். எரிவாயு வயலுக்கு பிரிட்டனிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கியதும் ரைசா சுவருக்குக் கரும்பச்சை அடித்து, நீளமாக ஒரு மரக் கவுன்ட்டர் போட்டு, எங்களுக்காகவே அதைத் திறந்தார். ஞாயிறன்று குதிரைக்கறி ரோஸ்ட். முதல் வாரம் முகத்தைச் சுளித்தவர்கள் மூன்றாம் வாரம் இரண்டாவது தட்டு கேட்டார்கள்.

குடியும் அப்படித்தான் மாறிப்போனது. ட்ரெவர் சண்டர்லேண்டில் வெள்ளிக்கிழமை மாலை இரண்டு பீர் குடித்துவிட்டு நாயோடு வீட்டுக்கு நடக்கிற மனிதர். இங்கே பீருக்கு நடுவில் வோட்கா, வோட்காவுக்கு நடுவில் காய்ந்த மீன். கிரேன் பிரிவில் இருந்த லோமாக்ஸ் லிவர்பூலில் குடித்ததைவிட நான்கு மடங்கு குடித்தான். இயன் ஊரில் குடிக்கவே மாட்டானாம். அபர்டீனில் அரை கிளாஸ் வைனோடு நிறுத்திக்கொள்ளும் நான், இங்கே வந்த இரண்டாம் குளிர்காலத்திலேயே கணக்குப் பார்ப்பதை விட்டுவிட்டேன். ஐந்து வாரம் வேலை, ஐந்து வாரம் ஊர். இங்கே இருக்கும் ஐந்து வாரங்களில் வெளியே வெள்ளையைத் தவிர வேறொன்றும் இருக்காது. எங்கள் மேசை ஒன்றுதான் சூடு.

அந்த மேசையில் ஐந்தாவது ஆள் அர்காதி. எங்கள் பஸ் டிரைவர். நாங்கள் ரவுண்டு முறையில் குடித்தோம்: ஒருத்தர் எழுந்து போய் மேசையில் இருக்கும் எல்லோருக்கும் வாங்கி வருவார், அடுத்த முறை அடுத்தவர். அர்காதிக்கு அது பிடித்துப்போனது. ஆனால் பேசாமல் குடிப்பதை மட்டும் அவரால் தாங்க முடியவில்லை.

"என்னய்யா நீங்க! ஒரு வார்த்தை சொல்லாம குடிக்கிறீங்க. மாடு கழனித்தண்ணி குடிக்கிற மாதிரி."

"நீ பேசி முடிக்கிறதுக்குள்ள பீர் ஆவியாயிடுது பெருசு" என்பான் லோமாக்ஸ்.

இருந்தாலும் அவர் எழுந்து நிற்பார். யாருக்காக, எதற்காக இந்தக் கிளாஸ் என்று சொல்லி முடித்த பிறகே உட்காருவார். மெல்ல மெல்ல நாங்களும் அதைப் பழகிக்கொண்டோம், ட்ரெவரைத் தவிர. அவரால் "சியர்ஸ்" என்பதற்கு மேல் ஒரு சொல்லைத் தொண்டையிலிருந்து எடுக்க முடியாது. பதிலுக்கு அர்காதி எங்களிடமிருந்து ஒன்றைக் கற்றுக்கொண்டார். பிறகு வரப்போகும் நண்பனுக்கு முன்கூட்டியே ஒரு கிளாஸ் வாங்கி வைத்துவிடுவது. ட்ரெவர் ஊரிலிருந்து திரும்பும் ஒவ்வொரு முறையும் கவுன்ட்டரின் கடைசியில் அவருக்காக ஒரு கிளாஸ் வோட்கா காத்திருக்கும்.

அர்காதி தூக்கத்திலேயே போய்விட்டார். குடும்பம் இல்லை. அதனால் வீட்டில் செய்ய வேண்டியதை ரைசா பப்பிலேயே செய்தார். ஒரு கிளாஸ் நிறைய வோட்கா, அதன் மேல் ஒரு துண்டு கறுப்பு ரொட்டி. நாற்பதாம் நாள் வரை அது இறந்தவருக்கு. அர்காதி வழக்கமாகச் சாய்ந்து நிற்கும் இடத்தில் வைத்தார். கவுன்ட்டரின் கடைசியில்.

ட்ரெவர் கதவைத் திறந்து, தோளில் பனியோடு உள்ளே வந்தார். எங்களைப் பார்ப்பதற்கு முன்னால் கிளாஸைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அட பாவி அர்காதி! இந்தத் தடவ மூடி வேற போட்டு வெச்சிருக்கானே!"

நான் வாயைத் திறந்தேன். முதல் கிளாஸுக்கு அப்புறம் சொல்லலாம் என்ற பழக்கம் ஒரு நொடி நாக்கைப் பிடித்துக்கொண்டது. அந்த ஒரு நொடியில் அவர் குடித்து முடித்தார். ரொட்டியையும் வாயில் போட்டுக்கொண்டார்.

ரைசா சமையலறையிலிருந்து தட்டுகளோடு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"அது உனக்கு வெச்சதில்ல ட்ரெவர்."

"பின்ன யாருக்கு?"

நாங்கள் சொன்னோம். ட்ரெவர் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டு அழுதார். லோமாக்ஸ் அவர் முதுகைத் தட்டினான்.

"விடுய்யா. அர்காதி பாத்திருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பாரு. இரு, என் ரவுண்டு."

போய் மூன்று பீரோடு வந்தான். எனக்கு, இயனுக்கு, அவனுக்கு.

"ட்ரெவருக்கு எங்க?" என்றேன்.

லோமாக்ஸ் கையைப் பார்த்தான், மேசையைப் பார்த்தான், சிரித்தான். "அடச்சே. துக்கத்துல மூளை வேலை செய்யல. சாரிய்யா."

அன்று அது வெறும் மறதி. அடுத்த ஞாயிறு இயனின் ரவுண்டிலும் ஒரு கிளாஸ் குறைந்தது. நான் சொன்னேன். திரும்பப் போய் வாங்கி வந்தான். அதை ட்ரெவர் முன்னால் வைக்காமல் மேசைக்கு நடுவில் வைத்தான். அரை மணி கழித்து அதையும் அவனே குடித்தான். ட்ரெவர் அந்தக் காலிக் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை காலை புது டிரைவர் பஸ்ஸில் தலைகளை எண்ணி, எல்லோரும் ஏறியாகிவிட்டது என்று கதவை மூடினார். ட்ரெவர் கதவுக்கு வெளியே, கைப்பிடியைப் பிடித்தபடி நின்றிருந்தார். நான் கத்தினேன். டிரைவர் திறந்தார். "யாரும் இல்லையேம்மா" என்றார். ட்ரெவர் அவருக்குப் பக்கவாட்டில் படியேறி உள்ளே வந்துகொண்டிருந்தார்.

அதன் பிறகு நான் ஒவ்வொரு நாளும் அவர் பெயரைச் சத்தமாகச் சொல்லத் தொடங்கினேன். பஸ்ஸில், சாப்பாட்டு வரிசையில், ரவுண்டுக்கு முன்னால். சொன்னால் எல்லோர் கண்ணும் அவர்மேல் ஒரு கணம் நிற்கும். பிறகு ஈரத் துணியால் துடைத்ததுபோல விலகிப்போகும்.

மூன்றாம் ஞாயிறு ட்ரெவர் தன் போனை என்னிடம் நீட்டினார். மே மாதம் அவர் மகள் கெர்ரிக்குக் கல்யாணம். விருந்தில் யார் எந்த மேசையில் உட்காருவது என்று ஒரு படம் வரைந்து அனுப்பியிருந்தாள். பன்னிரண்டு மேசைகள், தொண்ணூற்றாறு பெயர்கள். நான் இரண்டு முறை படித்தேன்.

"உங்க பேரு இல்லையே."

"சர்ச்சுக்குள்ள அவ கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறது யாருன்னு கேட்டேன். அவ மாமாவாம். கோபத்துல சொல்லல ரோனா. சண்டை எதுவும் இல்ல. அப்படி ஒரு கேள்வி எதுக்குன்னே அவளுக்குப் புரியல."

அவர் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"எனக்கு வேற எதுவும் வேணாம். அவ திரும்பிப் பாக்குறப்ப நான் அங்க நிக்கணும். அவ என்னைப் பாக்கணும். அவ்வளவுதான்."

நான் ரைசாவிடம் போனேன். அவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். ட்ரெவர் என் பக்கத்திலேயே நின்றார்.

"செத்தவங்களுக்கு வெச்சதைக் குடிச்சவன் அவங்க எடத்துல உக்காந்துட்டான்னு அர்த்தம் கண்ணு" என்றார் ரைசா. "நாப்பதாம் நாள் அர்காதி கெளம்பிப் போவான். அவன் எடத்துல யாரு உக்காந்திருக்காங்களோ அவங்களும் கூடவே போயிடுவாங்க."

"என்ன செய்யணும்?"

"குடிச்சத அவனுக்கே திருப்பி வைக்கணும். சும்மா ஊத்தி வெச்சா ஆகாது. எதுக்காகன்னு எழுந்து நின்னு சொல்லணும். அர்காதிக்குப் பேச்சில்லாம குடிச்சா பிடிக்காதுன்னு தெரியும்ல? குடிச்சவனே சொல்லணும். ஆனா…" ரைசா கத்தியைக் கீழே வைத்தார். "குடிச்சது யாரு? நம்ம மேசை ஆளா?"

ட்ரெவர் அவருக்கு இரண்டடி தூரத்தில் நின்றிருந்தார்.

அடுத்த இரண்டு வாரமும் ட்ரெவர் என்னோடு உட்கார்ந்து பேசிப் பழகினார். கன்டெய்னர் அறையில், ஹீட்டர் முன்னால். இரண்டு வரிக்கு மேல் போகாது. "எங்க ஊர்ல ஆம்பளைங்க இப்படியெல்லாம் பேசமாட்டோம்மா" என்பார். "பேசித்தான் ஆகணும்" என்பேன். ஒரு காகிதத்தில் எழுதினார், கிழித்தார், திரும்ப எழுதினார்.

நாற்பதாம் நாள் ஞாயிறு. மதியம் ஒரு மணி. வெளியே மூடுபனி கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. லோமாக்ஸும் இயனும் முன்பே வந்திருந்தார்கள். ட்ரெவரால் கவுன்ட்டரில் எதையும் வாங்க முடியாது என்பதால் அந்த ரவுண்டை நான் எடுத்துக்கொண்டேன். தவறு வந்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு பெயராகச் சத்தம்போட்டுச் சொன்னேன்.

"லோமாக்ஸுக்கு ஒண்ணு. இயனுக்கு ஒண்ணு. ட்ரெவருக்கு ஒண்ணு. அர்காதிக்கு ஒண்ணு."

ரைசா நான்கு கிளாஸ் வோட்கா ஊற்றினார். ஒன்றின் மேல் கறுப்பு ரொட்டியை வைத்தார். தட்டை மேசையில் வைத்துவிட்டு என் நாற்காலியில் உட்கார்ந்தேன். ட்ரெவர் எழுந்து நின்றார்.

"அர்காதி" என்றார்.

லோமாக்ஸ் இயனிடம் கால்பந்து பற்றிப் பேசிக்கொண்டிருந்தான்.

"அர்காதி, இந்தக் கிளாஸ் உனக்கு. நீ எனக்காக வெச்ச அத்தனை கிளாஸையும் நான் நின்னபடியே குடிச்சேன். ஒரு தடவகூட எதுக்குன்னு சொல்லல. எங்கப்பாவும் சொன்னதில்ல. எம் பொண்டாட்டி சாகுறப்ப ஆஸ்பத்திரில அவ கையப் பிடிச்சுக்கிட்டு வானிலை பத்திப் பேசினவன் நான்."

லோமாக்ஸின் பேச்சு ஒரு சொல்லில் தடுக்கி நின்றது.

"இங்க வந்து முதல் குளிர்ல, ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு பஸ்ல ஏறுனப்ப, நீ என் முகத்தைப் பாத்துட்டு வண்டிய எடுக்கல. எல்லாரும் திட்டுனாங்க. நீ கீழ எறங்கி, பிளாஸ்க்குல டீ ஊத்திக் குடுத்த. குடிச்சு முடிக்கிற வரைக்கும் நின்ன. அன்னைக்குதான் நான் சாகலாம்னு நெனச்சிருந்தேன். அது உனக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு கேக்கவே இல்ல. இந்தக் கிளாஸ் அதுக்கு. என்னை என் மக கல்யாணத்துக்கு விட்டுடு பெரியவரே. நீ நல்லபடியா போ."

கிளாஸை இரண்டு கைகளாலும் எடுத்துப்போய்க் கவுன்ட்டரின் கடைசியில் வைத்தார். ரொட்டி அசையவில்லை. கூடத்தில் யாரோ நீண்ட நேரம் பிடித்துவைத்திருந்த மூச்சை விட்டதுபோல ஒரு சத்தம்.

லோமாக்ஸ் எழுந்து நின்றான். கண்கள் நனைந்திருந்தன.

"யோவ் ட்ரெவ்! நீ எப்பய்யா வந்தே? இத்தன நாளா எங்க ஒழிஞ்சு போயிருந்தே?"

"இங்கதான்டா இருந்தேன்."

இயன் அவரைக் கட்டிக்கொண்டான். ரைசா ஓடிவந்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். ட்ரெவரின் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தவர் வாயைப் பொத்திக்கொண்டார். "கெர்ரி. வெள்ளைச் சட்டையா நீலச் சட்டையான்னு கேக்குறா. என் சட்டை!" அவர் சிரித்ததை நான்கு வாரங்களில் முதல் முறையாகப் பார்த்தேன். நானும் சிரித்தேன், சத்தமாக.

"வாங்க, வாங்க, சூடாயிடப் போகுது" என்று லோமாக்ஸ் தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தான். இயனுக்கு ஒன்று. ட்ரெவருக்கு ஒன்று. தனக்கு ஒன்று. தட்டு காலியானது.

என் நீட்டிய கை அப்படியே இருந்தது.

"டேய், எனக்கு?" என்றேன்.

மூவரும் கிளாஸை உயர்த்தினார்கள். இடித்துக்கொள்ளாமல், இறந்தவருக்குக் குடிப்பதுபோல, அமைதியாகக் குடித்தார்கள்.

"ஆமா, இது யாரோட ரவுண்டு?" என்றான் லோமாக்ஸ், வாயைத் துடைத்தபடி.

"உன்னோடதுதானே?" என்றான் இயன்.

"நான் வாங்கலயே."

கவுன்ட்டரில் சொல்ல விட்டுப்போன என் பெயரை இப்போது சொன்னேன். திரும்பவும் சொன்னேன். அவர்கள் தலைக்கு மேலே, ஜன்னலில், மூடுபனி வெளுத்துக்கொண்டிருந்தது.

ட்ரெவர் மட்டும் குடித்த கிளாஸைக் கீழே வைக்கவில்லை. அறைக்குள் எதையோ எடுக்க வந்து, எதை என்று மறந்துபோனவரைப்போல என் நாற்காலியைப் பார்த்தார். பிறகு இன்னொரு கையின் விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தி, உதடு அசைய எண்ணினார். லோமாக்ஸ். இயன். தான்.

நான்காவது விரல் நிமிர்ந்தது. அதற்குப் பெயர் வரவில்லை. "என்னய்யா எண்ணுறே, வா, சாப்பாடு வந்தாச்சு" என்று லோமாக்ஸ் அவர் தோளைப் பிடித்து இழுத்தான். ட்ரெவர் போகவில்லை. அந்த விரலை மடக்கவும் இல்லை.