ஆறு மணிப் படிக்கட்டு

தையல்காரி, இறந்துபோன கணவனின் வலக்கை விரல்களை மூன்றாம் முறையாகச் சேர்த்து வைத்தாள். சுட்டுவிரலும் நடுவிரலும் மறுபடி விலகிக்கொண்டன. லிஃப்ட் மெக்கானிக்கான அவர் சிகரெட்டை விட்டுப் பதினோரு வருடம். அதைப் பிடித்த விரல்களுக்கு மட்டும் யாரும் தகவல் சொல்லவில்லை போலும்.

"அண்ணி, அவ வந்துட்டா," என்றாள் நாத்தனார். குரலில் துக்கத்தைவிட ஆர்வம் ஒரு பிடி தூக்கல்.

'அவ' யாரென்று தெருவுக்கே தெரியும். ஆய்வுக்கூடத்துப் பெண். சிகரெட் மூளைக்குள் என்ன செய்கிறது என்று ஆராய்பவள். இரண்டு வருடமாக மாதம் ஒருமுறை வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு மணி நேரம் அவரைப் பேச வைத்தாள். பெண்டாட்டியிடம் 'ம்' கொட்டவே கூலி கேட்கிற மனிதரை! போதாததற்கு, செத்த பிறகு மூளையை அவளுக்கே தருவதாக வேறு எழுதிக்கொடுத்திருந்தார். இனி மனைவியின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி, அதுவும் மதியத்துக்குள்.

உள்ளே வந்தவள் காகிதத்தை நீட்டினாள்.

"போட மாட்டேன். உசிரோட இருந்தப்ப பேச்சை எடுத்துக்கிட்ட. இப்ப மூளையுமா?"

"சிகரெட்டைப் பத்தி மட்டும்தான்க்கா பேசினோம்."

"அதைத்தான் விட்டுட்டாரே!"

"அவர் விட்டாலும் அது லேசுல விடாதுக்கா. ஜீன்ல இருக்கிற எழுத்து மாறாது. ஆனா மூளை எதைத் திறந்து படிக்கணும், எதை மூடி வைக்கணுங்கிறதை நிக்கோடின் மாத்திடும். விட்டு வருஷமானாலும் அதுல ஏதாவது மிச்சம் இருக்கான்னுதான் பாக்கிறோம். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அவருக்கு ஆசை வந்துரும்க்கா."

ஊசி ஏறியதுபோல நிமிர்ந்தாள் தையல்காரி. ஆறு மணி. வேலை முடிந்து வந்து, படிக்கட்டில் அவளை ஒட்டி அவர் உட்காரும் நேரம். அக்கம்பக்கத்தில் எத்தனை பேரிடம் பீற்றிக்கொண்டிருப்பாள்!

"அப்ப என் பக்கத்துல உக்காந்துக்கிட்டு அவளை நெனச்சிட்டிருந்தாரா?"

"எவளை?" நாத்தனார் ஒரு அடி முன்னால் வந்தாள்.

"சிகரெட்டைத்தான். சக்களத்தி!"

ஆய்வுக்கூடத்துப் பெண் சிரிக்கவில்லை. "ஆசை வந்தா என்ன பண்ணுவீங்கன்னு மாசாமாசம் கேப்பேன். 'அவகிட்ட போய் உக்காந்துருவேன்'பாரு. வேற பதில் சொன்னதே இல்லக்கா."

தையல்காரி காகிதத்தை வாங்கி மடியில் விரித்தாள். பிறகு பேனாவை வாங்கினாள்.

"அவரை ஆறு மணிக்குள்ள வீட்டுக்குக் கொண்டுவந்துரணும்."

ஆய்வுக்கூடத்து வண்டி வரும்வரை அவள் அந்த விரல்களைச் சேர்க்க முயலவில்லை. விலகியிருந்த இடத்தில் தன் சுட்டுவிரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.