படிக்காமல் எழுதிய ஆறு பக்கம்

வீட்டில் அவளைக் கரையான் என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் வைத்தது அப்பா. ஒன்பது வயதுப் பெண், அச்சடித்த தாள் எது கையில் கிடைத்தாலும் விட மாட்டாள். மாத்திரை அட்டைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருப்பார்களே ஒரு சீட்டு, எறும்பு எழுத்தில், அதைக்கூட விரித்து வைத்துக்கொண்டு, "அப்பா, இதைச் சாப்பிட்டா மயக்கம் வருமாம், நாக்கு வறளுமாம், அப்புறம் எதுக்குச் சாப்பிடறது?" என்று கேட்பாள்.

பள்ளிக்கூடத்தில் அவளுடைய டீச்சர் ஒரு நாள் அப்பாவையும் அம்மாவையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். "நான் ஒரு பாடம் ஆரம்பிக்கறதுக்குள்ள உங்க பொண்ணு புத்தகத்தையே முடிச்சுட்டு ஜன்னலைப் பாத்துட்டு உக்காந்திருக்கா. படிச்சதைப் பத்திப் பேச வகுப்புல அவளுக்கு ஒரு ஆள் கிடையாது. இலக்கியமும் எழுத்தும் மட்டும் வீட்டுல யாராவது கூட உக்காந்து சொல்லிக்குடுங்க."

யாராவது என்றால் யார்? அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் தொலைபேசி எடுக்கும் வேலை. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி. ஆக, அப்பாதான்.

அப்பா மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். பவருக்கு ஏற்ற மாதிரி தேய்த்து, பிரேமில் துளி இடைவெளி இல்லாமல் உட்கார வைப்பதில் அவரை அடிக்க ஆள் இல்லை. "நான் தேய்ச்சுக் குடுக்கலேன்னா இந்த ஊர்ல பாதிப் பேருக்குப் பேப்பர்ல எழுத்தே தெரியாது" என்று பெருமையடிப்பார். அது நிஜம்தான். ஆனால் அவரே படிப்பவரா என்றால், இல்லை. பத்தாவதோடு சரி. பாடப்புத்தகத்தைத் தாண்டி ஒரு புத்தகத்தைக்கூட முதல் அட்டையிலிருந்து கடைசி அட்டை வரைக்கும் அவர் பார்த்ததில்லை. எழுத்துக் கூட்டித்தான் படிப்பார், இரண்டு பக்கத்துக்குள் கொட்டாவி வந்துவிடும். இதை மகளிடம் சொல்லியிருக்கலாம். சொன்னாரா? "சின்ன வயசுல நான் படிக்காத புத்தகமா!" என்று ஒரு போடு போட்டார். கரையானுக்குக் கண் அகலமாக விரிந்தது. அந்தக் கண்ணைப் பார்த்த பிறகு வாபஸ் வாங்க எந்த அப்பனுக்கு மனசு வரும்?

இப்படிப்பட்ட பிள்ளைகளின் பெற்றோருக்கென்றே ஒரு அம்மாள் இருந்தாள். நாற்பது வயசு இருக்கும், ஸ்கூட்டரில் வருவாள், ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டே பேசுவாள். பிள்ளைகள் வைத்த பெயர் ஹெல்மெட் டீச்சர். அவள் பாடம் எடுப்பது பிள்ளைகளுக்கு இல்லை, பெற்றோருக்கு. அவளுடைய முறை ஒன்றே ஒன்றுதான். மாதம் ஒரு புத்தகம். அப்பனோ அம்மாவோ ஒருவர், பிள்ளை ஒருவர், இரண்டு பேரும் அதே புத்தகத்தைப் படிக்க வேண்டும். ஆளுக்கொரு நோட்டு. ஒருத்தர் நோட்டை ஒருத்தர் பார்க்காமல் ஒரே ஒரு பக்கம் எழுத வேண்டும். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அவளிடம் சேர்ந்திருந்த நான்கு குடும்பங்களும் கூடி வாசித்துவிட்டு, பெற்றவரும் பிள்ளையும் நோட்டை மாற்றிக்கொள்ள வேண்டும்.

"நீங்க அவங்களுக்குச் சொல்லிக்குடுக்க வேண்டாம்" என்பாள் ஹெல்மெட் டீச்சர். "கூடப் படிங்க. எங்க ஒத்துப்போகலையோ அங்க சண்டை போடுங்க. அது போதும்."

முதல் மாதப் புத்தகத்தில் அப்பா நாற்பது பக்கம் போனார். அதற்கு மேல் முடியவில்லை. ஞாயிறு நெருங்கியது, நோட்டு வெள்ளையாக இருந்தது. சனிக்கிழமை வீட்டைப் பெருக்கும்போது மகளின் மேசைக்கு அடியில் குப்பைக்கூடையில் அவள் கசக்கிப் போட்ட தாள்கள் கிடந்தன. ஒரு பக்கத்துக்குள் அடக்க வேண்டும் என்பதால் அவள் முதலில் மூன்று நான்கு பக்கம் எழுதி, வேண்டாததை வெட்டிவிட்டுத்தான் நோட்டில் ஏற்றுவாள். வெட்டியது எல்லாம் கூடையில். அப்பா ஒன்றைப் பிரித்துப் பார்த்தார். சும்மாதான் பார்த்தார். அப்புறம் வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, உட்கார்ந்து எழுதினார்.

யாருக்கும் சந்தேகமே வரவில்லை. வருமா? அவள் நோட்டில் இருப்பது வேறு, அவர் நோட்டில் இருப்பது வேறு. ஹெல்மெட் டீச்சர் அசந்துபோனாள். "அப்பாவோட பார்வை எவ்வளவு நுணுக்கமா இருக்கு பாரு! லென்ஸ் தேய்க்கிற கண்ணு இல்லியா? நீயும் அப்பா மாதிரி ஆழமாப் பாக்கப் பழகணும்" என்று கரையானிடம் சொன்னாள்.

மகள் வெட்டிப்போட்ட வரியை வைத்து மகளுக்கே புத்தி! அந்த இடத்தில் அந்த மனிதருக்கு உறைத்திருக்க வேண்டாமா? உறைத்தது. ஆனால் பாராட்டு அதைவிடப் பலமாக இருந்தது. பத்தாவதோடு நின்றவரை, கடை முதலாளியிடம் "பிரேம்ல கீறல்" என்று மட்டும் பேச்சு வாங்கியவரை, நான்கு குடும்பம் சேர்ந்து அறிவாளி என்கிறது. தலை கால் புரியவில்லை. இப்படியே ஐந்து மாதம், ஐந்து புத்தகம், ஐந்து பக்கம்.

ஆறாவது புத்தகம் ஒரு படகுக்காரனைப் பற்றியது. ஆற்றின் இந்தக் கரையில் அவனும் அவன் தாயும். ஓடிப்போன அண்ணன் ஒருநாள் அக்கரையிலிருந்து வருவான் என்று காத்திருக்கிறார்கள். அப்பாவுக்குத் தெரிந்தது இவ்வளவுதான், அதுவும் பின்னட்டையைப் பார்த்து. மிச்சத்தைக் கூடை பார்த்துக்கொண்டது.

அந்த ஞாயிறு, நான்கு குடும்பங்களில் ஒன்றான மருந்துக்கடைக்காரர் வீட்டு மாடியில் கூடினார்கள். கீழே கடை, மேலே வீடு. பிஸ்கட்டும் டீயும் ஆன பிறகு அப்பாவை முதலில் வாசிக்கச் சொன்னார்கள். இப்போதெல்லாம் அவர்தானே கூட்டத்துக்கு நட்சத்திரம்! தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"எனக்குப் பிடித்த இடம் கடைசியில் வருகிறது. அண்ணன் ஒரு பயணி மாதிரி படகில் ஏறுகிறான். யார் என்று சொல்லவில்லை. ஆனால் அவன் கால் வைத்த விதத்திலேயே தம்பிக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு பேரும் பேசாமல் இக்கரை வரைக்கும் வருகிறார்கள். அந்த மௌனம்..."

"சார், ஒரு நிமிஷம்." மருந்துக்கடைக்காரர் நெற்றியைச் சுருக்கினார். மருந்துச் சீட்டில் டாக்டர் எழுத்து புரியாதபோது பார்ப்பாரே, அதே பார்வை. "அண்ணன் எங்க சார் வந்தான்? பாதிப் புத்தகத்துலயே அவன் செத்துட்டான்னு கடிதம் வந்துடுதே? படகுக்காரன் அதை அம்மாகிட்ட மறைக்கறதுதானே கதையே?"

அப்பா நோட்டைப் பார்த்தார். எழுத்தெல்லாம் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொண்டது. காது மடல் சுட்டது.

"அது நாங்க விளையாடற விளையாட்டு அங்கிள்." கரையானின் குரல். பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டு, நேராக உட்கார்ந்து சொன்னாள். "முடிவு பிடிக்கலேன்னா எங்க வீட்டுல நாங்களே மாத்தி எழுதுவோம். அப்பா அதைத்தான் எழுதியிருக்காங்க. முன்னாடியே சொல்ல மறந்துட்டாங்க, அவ்வளவுதான்."

ஹெல்மெட் டீச்சர் மடியிலிருந்த ஹெல்மெட் உருளும்படி கை தட்டினாள். "இது எனக்கே தோணலையே! அடுத்த மாசம் எல்லாரும் இப்படி எழுதிட்டு வாங்க." எல்லோரும் தட்டினார்கள். மருந்துக்கடைக்காரர், "மன்னிச்சுக்குங்க சார், நான்தான் அவசரப்பட்டுட்டேன்" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்பா முகத்தில் அசடு வழியச் சிரித்தார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவர் செய்த திருட்டுக்கு, ஒன்பது வயதுப் பிள்ளை, பொய்யே சொல்லத் தெரியாத பிள்ளை, கண்ணை இமைக்காமல் பொய் சொல்லிக் கைதட்டும் வாங்கிக் கொடுத்துவிட்டது.

பஸ்ஸில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது நிறுத்தம் தாண்டியதும் கரையான் கேட்டாள்.

"அப்பா, ஒரு புத்தகமாவது படிச்சீங்களா?"

"முதல் புத்தகத்துல நாப்பது பக்கம். தப்புதான் கண்ணு. உனக்கு எப்போ தெரியும்?"

"மூணாவது மாசமே. நான் வெட்டிப் போட்டதெல்லாம் உங்க நோட்டுல இருந்துச்சு."

"அப்பவே கேட்டிருக்கலாமேம்மா?"

"அவங்க பாராட்டறப்ப உங்க முகம் ரொம்ப நல்லா இருந்துச்சு." ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அதுக்கப்புறம்தான் கசக்காம போட ஆரம்பிச்சேன். கசக்கிட்டா உங்களுக்குப் படிக்கக் கஷ்டமா இருக்கும்ல?"

ஆமாம், மூன்று மாதமாகத் தாள்கள் பளிச்சென்றுதான் கிடந்தன. எழுத்துக்கூடக் கொஞ்சம் பெரிசாக இருந்தது. அதை அவர் தன் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

"அப்போ இந்த அண்ணன் வந்த விஷயம்?"

"அது வேணும்னுதான் எழுதினேன். நீங்க புத்தகத்தைப் புரட்டியாவது பாப்பீங்க, 'ஏய் கரையான், அண்ணன்தான் செத்துட்டானே, என்ன உளர்றே'ன்னு வந்து சண்டை போடுவீங்கன்னு நினைச்சேன். அங்க போய் அப்படியே வாசிப்பீங்கன்னு தெரியாது." "எனக்கு உங்ககூட ஒரு தடவை சண்டை போடணும்னு ஆசையா இருந்துச்சுப்பா" என்றாள்.

இறங்கும்போதுதான் அடுத்ததைக் கேட்டாள், அதுவும் எவ்வளவு மரியாதையாக! "இனிமே நான் மருந்துக்கடை அங்கிள்கூட நோட்டு மாத்திக்கட்டுமா? அவர் படிச்சுட்டு வர்றார். உங்களுக்கும் கடையில வேலை ஜாஸ்தி."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அழுதிருந்தால் சமாதானம் செய்திருப்பார். மகள் அவருக்காக யோசித்துப் பேசுகிறாள், உடம்பு சரியில்லாதவரிடம் பேசுவது போல. "இந்த ஒரு மாசம் பொறுத்துக்கோம்மா. அடுத்த கூட்டம் வரைக்கும். அப்புறம் உன் இஷ்டம்" என்றார். "சரிப்பா" என்றாள்.

மறுநாளே படகுக்காரனைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனார். மதியச் சாப்பாட்டு வேளையில், தேய்க்கும் இயந்திரத்துக்குப் பின்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, விரலை வரிக்குக் கீழே வைத்துப் படித்தார். ஒரு நாளைக்கு ஏழு பக்கம், எட்டுப் பக்கம். முதலாளி எட்டிப் பார்த்து, "என்னய்யா, இந்த வயசுல பரீட்சையா?" என்றார். "ஆமாங்க, பரீட்சைதான்" என்றார் அப்பா. முதலாளி சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

இருபத்து மூன்று நாள் ஆயிற்று. கடிதம் வரும் இடத்தில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே மூடினார். தாய் தினமும் சோறு வடிக்கும்போது மூத்தவனுக்கும் சேர்த்து வடிக்கிறாள், இவன் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா சாப்பிடுகிறான். அப்பாவுக்கு ஆத்திரமாக வந்தது. ஒரு புத்தகத்தில் இருக்கும் ஆள் மீது கோபம் வரும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார். கூட்டத்தில் மாற்றிக்கொண்ட மகளின் நோட்டை எடுத்துப் பார்த்தார். படகுக்காரன் நல்லவன், தாயின் மனசு நோகக் கூடாது என்றுதான் மறைத்தான் என்று எழுதியிருந்தாள். இல்லை! இங்கேதான் அவருக்கு ஒத்துப்போகவில்லை.

தன் நோட்டை எடுத்து எழுதினார். அடித்து அடித்துத் திருத்தினார். கடைசியில் நின்றது எட்டு வரி.

"படகுக்காரன் நல்லவன் என்று நீ எழுதியிருக்கிறாய். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அம்மாவுக்காக மறைத்தேன் என்கிறான். பொய். அம்மா அழுவதைப் பார்க்க அவனுக்குப் பயம். அவனுக்காகத்தான் மறைத்தான். ஒரு நாள் மறைத்தால் மறுநாள் சொல்வது இன்னும் கஷ்டம். அப்படியே வருஷம் போய்விட்டது. அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். தெரிந்துதான் அவனுக்காகச் சும்மா இருந்தாள்."

சனிக்கிழமை காலை, கூட்டத்துக்கு முதல் நாள், கரையான் மேசையில் உட்கார்ந்திருந்தபோது நோட்டை அவள் முன்னால் வைத்தார். உட்காரவில்லை, நின்றார். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவள் படித்தாள். திரும்ப முதலிலிருந்து படித்தாள். ஒரு வரியில் அவள் விரல் நின்றது. சண்டை வரப்போகிறது என்று அப்பா நினைத்தார். வரட்டும், வரட்டும் என்று இருந்தது.

நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை, கிண்டல் இல்லை. அவர் வழக்கத்தை அவள் எப்போதோ ஏற்றுக்கொண்டாயிற்று.

"ரொம்ப நல்லா இருக்குப்பா" என்றாள். "இதை எங்கேருந்து எடுத்தீங்க?"

"நானே எழுதினதும்மா" என்றார் அப்பா. அவர் காதுக்கே அது பொய் மாதிரிதான் கேட்டது.