விளிம்பில் ஒரு வெட்டு

தையற்காரர் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, நூல்கண்டு டப்பாவின் அடியிலிருந்து ஒரு சின்ன வெல்வெட் பையை எடுத்தார். அவரே தைத்தது. அதற்குள் பஞ்சு, பஞ்சுக்குள் இன்னொரு பை, அதற்குள் அப்பா விட்டுப்போன வெள்ளிக் காசு. கட்டின மனைவிக்குக்கூட அவர் இவ்வளவு பார்த்துப் பார்த்து எதையும் தைத்துக் கொடுத்ததில்லை.

“பணத்தை வாங்கி ஜேப்புல போட்டுக்கிட்டுப் பராக்குப் பார்த்துட்டு வராதீங்க” என்றாள் மனைவி.

“ஜேப்பு கொள்ளுமாடி? பாரு, பையே எடுத்துட்டுப் போறேன்.”

அவருக்குக் கண் மங்கிக்கொண்டே வந்தது. ஊசியில் நூல் கோர்க்க மனைவியைக் கூப்பிட வேண்டியிருந்தது. கடையை மூடிவிட்டு உட்கார்ந்து சாப்பிடலாம் என்று அந்தக் காசைத்தான் நம்பியிருந்தார்.

பழங்காசு வியாபாரியின் கடை ஒரு மாடியில் இருந்தது. ஜன்னலோரம் மேஜை, சின்னத் தராசு, பூதக்கண்ணாடி. வியாபாரி காசை எடை போட்டார், திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் புருவம் ஏறும் என்று தையற்காரர் காத்திருந்தார். ஏறவில்லை.

“யாருதுங்க இது?”

“எங்கப்பாவுது. பஸ் கண்டக்டரா இருந்தார். அபூர்வமான வருஷம், நாலு இடத்துல விசாரிச்சுட்டுத்தான் வந்திருக்கேன்.”

“வருஷம் அபூர்வம்தான். காசுதான் இடிக்குது.”

“என்ன இடிக்குது?”

“எடை குறையுது. ராஜா மூக்கைப் பாருங்க, ஜலதோஷம் பிடிச்ச மாதிரி மழுங்கிக் கிடக்கு. இது முத்திரை அடிச்ச காசு இல்லை, உருக்கி ஊத்தினது. பெரும்பாலும் போலின்னுதான் சொல்லுவேன். முடிவாத் தெரியணும்னா சோதனைக்கு அனுப்பலாம்.”

“அப்ப விளிம்புல இருக்கிற இந்த வெட்டு? பழசுக்கு அடையாளமில்லையா?”

வியாபாரி சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை. “அது அரத்தால போட்டதுங்க. கள்ளக்காசு வந்தா ஒரு வெட்டு வெச்சுத் திருப்பிக் கொடுத்திருப்பாங்க. மறுபடி இன்னொருத்தர் தலையில கட்டக்கூடாதே! வீட்டுல யாரும் சொல்லலையா?”

சொல்லியிருந்தாள்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், அப்பா போன பிறகு அலமாரியைக் காலி செய்த அன்று, தங்கை அந்தக் காசைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். “அண்ணா, இதை நான் எடுத்துக்கட்டுமா? ஒண்ணும் பெறாத காசுதான். எவனோ டிக்கெட்டுக்குக் கொடுத்து ஏமாத்தியிருக்கான், டிப்போவுல திருப்பிட்டாங்க. அப்பாவே சொன்னார். ஆனாலும் எப்பவும் கையில வெச்சு உருட்டிக்கிட்டே இருப்பாரே, அதுக்காகத்தான்.”

இதைவிடத் தெளிவாக யாரால் சொல்ல முடியும்? ஆனால் கேட்டவர் தையற்காரர். “என்ன தையல் இது, கோணலா இழுக்குதே” என்று ஆரம்பிக்கிற ஆள் கூலியைக் குறைக்கத்தான் வருகிறான் என்பது அவருக்குக் கடையில் பழகிப்போன பாடம். கூடப்பிறந்தவளின் பேச்சையும் அதே டேப்பை வைத்து அளந்தார்.

“ஒண்ணும் பெறாததுன்னா உனக்கெதுக்கு? மாப்பிள்ளை சொல்லிக் கொடுத்து அனுப்பினாரா?”

தங்கை காசை அலமாரியிலேயே வைத்துவிட்டுப் போனாள். திரும்பி வரவில்லை.

அந்த மாப்பிள்ளை தங்கமான மனுஷர். அந்தச் சண்டைக்கு முன்னால் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, “என்ன மச்சான், ஊருக்கெல்லாம் தைக்கிறீங்க, உங்க சட்டையில பட்டனைக் காணோமே” என்று வம்புக்கு இழுப்பவர். போன வருஷம் படுக்கையில் விழுந்தார், இரண்டே மாதத்தில் போயும்விட்டார். போனால் காசுப் பேச்சு வரும் என்று பயந்து, தையற்காரர் உடம்பு விசாரிக்கவும் போகவில்லை, சாவுக்கும் போகவில்லை.

மாடிப்படி இறங்கியவருக்கு வீட்டுப் பக்கம் கால் திரும்பவில்லை. ஆஸ்பத்திரியின் பின்கட்டுக்குப் போனார். அங்கே சலவைக்கூடத்தில்தான் தங்கைக்கு வேலை. வெந்நீர் ஆவியும் சோப்பு வாசனையுமாக இருந்த அறையில் அவள் போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தாள். “யார் வேணும்?” என்று கேட்ட பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

அவர் காசை மடித்த போர்வையின் மேல் வைத்தார். “நீ சொன்னதுதாம்மா சரி. போலின்னு சொல்லிட்டாங்க.”

“அதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தே?”

“உன்னைப் பார்க்கணும் போல இருந்துச்சு.”

அவள் காசைத் தொடவில்லை. “அசலா இருந்திருந்தா வந்திருப்பியாண்ணா?”

தையற்காரர் ஒரு பொய்யைச் சொல்ல வாயெடுத்தார். அது வெளியே வரவில்லை.

“வந்திருக்க மாட்டேன்.”

“ம். இதையாவது நிஜமாச் சொன்னே.” ஈரம் உலர்ந்த ஒரு போர்வையை உதறினாள். “அந்த முனையைப் பிடி. ஒத்தை ஆளா மடிச்சு முதுகு விட்டுப்போச்சு.”

பிடித்தார். போர்வை மடிய மடிய இரண்டு பேரும் எதிரெதிரே நடந்து கிட்டே வந்தார்கள். முனைகளை அவர் கையிலிருந்து வாங்கும்போது அவள் சொன்னாள். “கடைசி வாரத்துல அவர் கேட்டுட்டே இருந்தார். ‘மச்சான் வர்றாரா பாரு, பட்டன் இல்லாத சட்டையோட வந்தாலும் பரவாயில்லை’ன்னு.”

அவர் போர்வைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். பிறகு முகத்தை நிமிர்த்தினார்.

“காசு நல்லதா கெட்டதான்னு யாரோ ஒரு வியாபாரியைத் தேடி மாடி ஏறினேன். கூடப்பிறந்தவ சொன்னதை நின்னு கேட்கலை. செத்தவங்க விட்டுட்டுப் போன பொருளுக்காக உயிரோட இருக்கிற மனுஷங்களை விட்டவனும்மா நான். போலி இந்தக் காசு இல்லை. நான்தான்.”

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு காசை எடுத்தாள். விளிம்பில் இருந்த வெட்டை அப்பாவைப் போலவே கட்டைவிரலால் தடவினாள்.

“இதை நானே வெச்சுக்கறேன். நீ இப்ப சொன்னியே, அதை உன் பிள்ளைங்களுக்குக் கொடுத்துட்டுப் போ. அதுக்காவது அடிச்சுக்க மாட்டாங்க” என்றாள். பிறகு அடுத்த போர்வையின் ஒரு முனையை அவரிடம் நீட்டினாள்.