மரத்த கையின் ரேகை

கண்ணுகளா, இது தொண்ணூற்றொன்றாம் வருஷம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நடந்தது. ராஜபாளையத்து மில் ஒன்றில் வேலை பார்த்த சுடலைமாடத்தியின் இடது கையைப் பஞ்சு மிசின் இழுத்து மணிக்கட்டை நொறுக்கிவிட்டது. காலையில் ஆபரேஷன். கம்பி வைத்து, மாவுக்கட்டுப் போட்டு, வீங்காமல் இருக்கக் கையை உயர்த்தி இரும்புக் கம்பத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அக்குளில் போட்ட மரப்பு ஊசியின் வேகம் சாயங்காலம் வரை இருக்கும். அதுவரை அந்தக் கையை யார் என்ன செய்தாலும் அவளுக்குத் தெரியாது.

பார்த்துக்கொண்டவள் நர்ஸ் ஞானபாக்கியம். அரைமணிக்கு ஒருதரம் வந்து, கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நகங்களை அழுத்திப் பார்ப்பாள். அழுத்தினால் வெளுக்க வேண்டும், விட்டால் சிவக்க வேண்டும். சிவக்காவிட்டால் கட்டு இறுகி ரத்தம் நின்றுவிட்டது என்று அர்த்தம், கையே போய்விடும்.

பன்னிரண்டு மணிக்கு வந்தபோது கை கம்பத்தில் இல்லை. அவிழ்ந்து மெத்தையில் கிடந்தது. சுடலைமாடத்தி அசந்து தூங்கினாள். புருஷன் மருந்து வாங்கப் போயிருந்தான். பெருவிரல் நகக்கண் வரைக்கும் நீலம்.

ரத்தம் நின்றுவிட்டது என்றே ஞானபாக்கியம் நினைத்தாள். கத்தரிக்கோலால் கட்டுத் துணியைக் கீறித் தளர்த்தினாள். நீலம் போகவில்லை. மற்ற நாலு விரலும் சிவப்பாகத்தானே இருக்கிறது என்று அப்புறம்தான் உறைத்தது. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தாள். பஞ்சில் மை ஒட்டிக்கொண்டு வந்தது.

கையைத் திரும்பக் கம்பத்தில் கட்டிவிட்டு வெளியே போனாள். வராந்தாவில் மில் கிளார்க் காசிராஜன் ஒரு காகிதத்தை ஊதி ஊதிக் காயவைத்துக்கொண்டிருந்தான். பிடுங்கிப் படித்தாள். வீட்டில் தண்ணீர்க் குடத்தோடு வழுக்கி விழுந்தேன், மில்லுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று எழுதி, கீழே ரேகை. ரேகைக்கு இடது பெருவிரல்தான் வழக்கம் என்பதால், அறுத்துத் தைத்த கையையே அவிழ்த்திருக்கிறான் பாவி.

அவளாகத்தான் வைத்தாள் என்று சாதித்தான். முதலாளியும் டாக்டரும் சேர்ந்து சீட்டாடுகிறவர்கள் என்று ஒரு மிரட்டலும் போட்டான்.

“பொணத்துக்கிட்ட நகை உருவுறதுக்கும் இதுக்கும் என்னய்யா வித்தியாசம்? நான் பாத்துக்கிட்டிருக்க கையி இது” என்றாள் ஞானபாக்கியம்.

காகிதத்தைக் கிழிக்கவில்லை. அவன் மேலேயே வீசினாள். கேஸ் சீட்டை எடுத்து, மணி பன்னிரண்டு, கையில் உணர்ச்சி இல்லை, நோயாளி தூக்கத்தில், கை அவிழ்க்கப்பட்டிருந்தது, பெருவிரலில் ரேகை மை என்று எழுதி, நீலப் பஞ்சையும் அதோடு சேர்த்துக் குத்தினாள்.

டாக்டர் படித்துவிட்டு, இதெல்லாம் வேணுமாம்மா என்றார்.

“நான் எழுதினது பொய்னா, அதையும் எழுதிக் கையெழுத்துப் போடுங்க சார்.”

அவர் தலை நிமிராமல், அவள் எழுதியதற்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் காசிராஜன் குரல் இறங்கிவிட்டது. கேஸ் சீட்டில் அந்தத் தாளை மட்டும் எடுத்துவிடச் சொல்லி, தன் வேலை போய்விடும் என்று சாயங்காலம் கட்டில்வரை வந்து கெஞ்சினான். சுடலைமாடத்திக்கு ஞானபாக்கியம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். அவள் அழவில்லை. அந்நேரம்தான் விரல்களில் எறும்பு ஊர்வதுபோல இருக்கிறது என்றாள். மடக்கிப் பார் என்றாள் நர்ஸ். பெருவிரல் நடுங்கி நடுங்கி மடங்கியது.

சுடலைமாடத்தி அவனைப் பார்த்தாள்.

“இப்ப ரேகை கேளுங்க கிளார்க்கய்யா. முழிச்சுத்தான் இருக்கேன். வெரலு எம் பேச்சக் கேக்கு.”

காகிதம் அவன் சட்டைப்பையிலேயே இருந்தது. வெளியே எடுக்கக் கை எழவில்லை.