நான்கு முறை நீக்கிய பதிவு

1

இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது. என் மடிக்கணினியில் எவ்வளவு நீக்கியும் போகாத ஒரு பழைய மென்பொருளோடு மல்லுக்கட்டித் தோற்று, கணினி பழுதுபார்க்கும் அக்காவிடம் போனேன். கொண்டையில் எப்போதும் ஒரு திருப்புளி செருகியிருப்பதால் அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களுக்கு அவர் திருப்புளி அக்கா. என் வேலை பத்து நிமிடத்தில் முடிந்தது. "இதெல்லாம் ஒண்ணுமே இல்ல, ஒரு பொண்ணு கொண்டுவந்தா பாருங்க" என்று அவர் ஆரம்பித்தார். நான் எழுந்திருக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. எழுதலாமா என்றேன். எழுதலாம், முடித்ததும் தனக்குக் காட்ட வேண்டும் என்றார்.

2

முதல் வரியாக நான் எழுதியது: "மென்பொருளை நீக்குவது, குடியிருப்பவரைக் காலி செய்ய வைப்பது போல, சாமான்கள் போன பிறகும் ஏதோ ஒரு—"

[வேண்டாம். அக்கா உவமை பேசுகிறவர் இல்லை.]

இரண்டாவது: "உள்ளே வந்தபோதே அவள் கண்ணில் பயம்—"

[பொய். பயப்பட ஒன்று இருக்கிறது என்று அவளுக்கே அப்போது தெரியாது.]

நடந்தபடியே சொல்லிவிடுகிறேன். காலை பதினொரு மணிக்கு மடிக்கணினியோடு வந்தவள் ஒரு மொழிபெயர்ப்பாளர். வீட்டிலிருந்தே வேலை. மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, கண்டதையும் பார்த்துவிடக் கூடாதென்று கணவர் போட்டுவைத்த மென்பொருள் ஒன்று அதில் இருந்தது. மகள் இப்போது கல்லூரி விடுதியில். அது கணினியை இழுத்துப் பிடிக்கிறது, எடுத்துவிடுங்கள் என்றாள்.

அக்கா நீக்கினார். போயிற்று. கணினியை அணைத்துப் போட்டதும் வந்து நின்றது.

எந்த மென்பொருள் எப்போது எழ வேண்டும் என்று கணினி தனக்குள் குறித்துவைக்கும் இடத்துக்கு ரெஜிஸ்ட்ரி என்று பெயர். மென்பொருளை எடுத்தாலும் சில சமயம் அந்தக் குறிப்பு, அதாவது பதிவு, மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். அங்கே தப்பான வரியில் கைவைத்தால் கணினியே எழாமல் போகலாம். அதனால் அக்கா முதலில் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்துக்கொண்டு, பிறகு அந்தப் பதிவை அழித்தார். அனுமதி இல்லை என்றது. உரிமையாளர் என்ற இடத்தில் கணவரின் பெயர் இருந்தது. உரிமையை மாற்றி மூன்றாம் முறை அழித்தார். அழிந்தது. ஒரு மூச்சு விடுவதற்குள் அதே வரி அதே இடத்தில் மறுபடி முளைத்தது.

உள்ளே ஒளிந்திருக்கும் ஏதோ ஒன்று அதைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறது. அக்கா அந்த வரியை நிதானமாகப் படித்தார். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திரையைப் படம் பிடி. இந்த மின்னஞ்சல் முகவரிக்கு அனுப்பு; அதிலும் கணவரின் பெயர். கடைசியாக அனுப்பியது: பதினொன்று இருபது.

அப்போது மணி பதினொன்று இருபத்திரண்டு. அக்கா கடையின் இணையத்தைப் பிடுங்கினார். பிறகு திரையை அவள் பக்கம் திருப்பினார்.

அவள் அந்த வரியைப் படித்தாள். "நேத்து இதுலதான் ஒரு வீடு பார்த்து வாடகைக்குக் கேட்டு எழுதிப் போட்டேன். எனக்கு மட்டும்."

3

கணவரிடம்தான் நான் தடுமாறினேன். முதல் பிரதியில் 'அவன்' என்று எழுதி, தடித்த மீசையும் வைத்தேன். அழித்தேன். அக்கா அவரைப் பார்த்ததே இல்லை. கேட்டது குரல் மட்டும்; நல்ல, மரியாதையான குரல். அதனால் 'அவர்' என்றே இருக்கட்டும்.

அவளுடைய கைபேசி அடித்தது. எடுத்தாள். கணவர். கடைசியாகப் போன படத்தில் அக்கா அழித்துக்கொண்டிருந்தது தெரிந்திருக்க வேண்டும்; கடைக்காரரிடம் கொடு என்றாராம். அவள் கைபேசியை நீட்டினாள், அக்கா வாங்கிக்கொண்டார்.

"வணக்கம்மா. அந்த லேப்டாப்ல ஒண்ணும் கை வெக்காதீங்க. நான் வந்து வாங்கிக்கிறேன்."

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர் அக்கா. வாயில் வந்ததைச் சொன்னார். "வைரஸான்னு பார்த்துட்டு இருந்தேன் சார், அதுக்குள்ள டிஸ்க் நின்னுபோச்சு. வெளிய அனுப்பணும். திங்கக்கிழமை ஆகும்."

"எங்க அனுப்புறீங்க?"

"அதெல்லாம் சொல்றதில்ல சார்."

"சரி. திங்கக்கிழமை நானே வர்றேன்."

வைத்துவிட்டார்.

4

பிறகு செய்ததை அக்கா மளமளவென்று சொன்னார். முதலில் அந்தப் பதிவை அப்படியே ஒரு பென் டிரைவில் ஏற்றி அவள் கையில் கொடுத்தார். நாளைக்கு யாரிடமாவது சொல்ல வேண்டி வந்தால் இதுதான் சாட்சி. கணினியை, அவசியமானவை மட்டும் எழும் பாதுகாப்பு முறையில் எழுப்பி, ஒளிந்திருந்ததைத் தேடி நிறுத்தி, அழித்து, நான்காம் முறையாகப் பதிவை நீக்கினார். மூன்று தடவை அணைத்துப் போட்டுப் பார்த்தார். வரவில்லை. ஆனாலும் இந்தக் கணினியை இனி நம்பாதே என்றார்.

"அக்கா, நான் என்ன செய்யட்டும்?"

"அது எனக்குத் தெரியாதும்மா. திங்கக்கிழமை வரைக்கும் நேரம் வாங்கியிருக்கேன்."

அன்று வியாழன்.

5

மூன்று முடிவுகள் எழுதினேன். கணவர் கடையில் வந்து கத்துவதாக ஒன்று. மனம் மாறி மன்னிப்புக் கேட்பதாக ஒன்று. அவள் மகளின் விடுதி வாசலில் பெட்டியோடு இறங்கி—

[இதையும் பாதியில் நிறுத்தினேன்.]

அக்கா மூன்றையும் படித்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அந்த ஆள் கதையெல்லாம் படிப்பாரா?"

படிக்கலாம் என்றேன். மொழிபெயர்ப்பாளர் வீட்டில் புத்தகங்களுக்குப் பஞ்சம் இருக்காது.

"அப்போ முடிவு வேணாம்."

என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். அக்கா சொல்லியிருக்கிறார். எழுத மாட்டேன். மேலே சொன்னவற்றிலும் கிழமையையும் இன்னும் இரண்டு விவரங்களையும் மாற்றிவிட்டேன். நீங்களாக ஒரு முடிவை ஊகித்திருப்பீர்கள். அது சரியாகவும் இருக்கலாம். உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். யாராவது கேட்டால், தெரியாது என்று சொல்லிவிடுங்கள்.