நாலு மில்லி

நாற்காலியின் கைப்பிடி வளைவில் உப்புத்தாளைக் கடைசியாக ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, தச்சர் அதன் முதுகைப் பிடித்து உலுக்கிப் பார்த்தார். அசையவில்லை. பழங்காலப் பாணி, வளைந்த கால்கள், முதுகில் கொடிச் செதுக்கல். ஆணி ஒன்றுகூட இல்லாமல் துளையில் கழுந்தை இறக்கிக் கோத்தது. பக்கத்தில் மாதிரி நின்றது: முதலாளி வீட்டில் மூன்று தலைமுறையாகக் கிடந்த நாற்காலி. அதற்கு ஜோடியாக அதேபோல் இன்னொன்று வேண்டும் என்று உத்தரவு.

இரண்டு மாத வேலை. தேறினால் பட்டறையில் நிரந்தரம் என்றிருந்தார்கள். பதினோரு வருஷமாகக் காலையில் பட்டறை கேட்டுக்கு வெளியே நின்று, அன்றைய கூலிக்கு உள்ளே வரச்சொல்லி விரல் நீளுமா என்று பார்த்துக் கிடந்தவர் அவர். இருக்கைக்குப் பிரம்பு பின்னிய அவர் மனைவி, வெட்டுப்பட்ட விரலில் துணி சுற்றிக்கொண்டே, நாளையிலிருந்து வாட்ச்மேனுக்குப் பேச்சுத்துணை போச்சு என்று சிரித்தாள்.

சூப்பர்வைசர் அளவுகோலோடு வந்தார். முதுகு, கை, இருக்கை எல்லாம் சரியாக இருந்தன. இடது பின்காலில் கோல் நின்றது.

"இது நாலு மில்லி கூட இருக்கே."

மாதிரியில் யாரோ காலமெல்லாம் அந்தப் பக்கமே சாய்ந்து உட்கார்ந்து அந்தக் காலைத் தேய்த்திருந்தார்கள். தடித்த கம்பளத்தில் கிடந்ததால் அந்த வீட்டில் எவருக்கும் ஆட்டம் தெரியவில்லை. தச்சர் அதைச் சிமென்ட் தரையில் ஆட்டியே காட்டினார்.

"தேய்மானத்தையுமா சார் செய்வாங்க?"

"அச்சு அசலா இருக்கணும்னு எழுதியிருக்கு. ஆடக்கூடாதுன்னு எழுதலை. குறைச்சாதான் கையெழுத்து."

"அப்போ முதலாளியோட தாத்தாவையே கூட்டிட்டு வரச் சொல்லுங்க, உக்காந்து தேச்சுத் தரட்டும்" என்று மனைவி புருஷனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி முணுமுணுத்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ரம்பத்தை எடுத்தார். பொத்தான் கனத்தில் ஒரு துண்டு விழுந்தது. எறிய மனசு வராமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சூப்பர்வைசர் அளந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

மதியம் முதலாளி வந்து புதியதில் உட்கார்ந்தார். டக்கென்று ஆடியது. கையிலிருந்த டீ சட்டையில் சிந்தியது.

"ரெண்டு மாசம் செஞ்ச லட்சணமா இது?"

சூப்பர்வைசர் கையெழுத்திட்ட தாளை மடித்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். "நான் அப்பவே சொன்னேன் சார்" என்றார்.

நிரந்தரப் பேச்சையெல்லாம் அப்புறம் பார்க்கலாம், இந்த டீயைக் குடிக்கிற வரைக்குமாவது ஆடாமல் இருக்கட்டும் என்றார் முதலாளி.

தச்சர் நாற்காலிக்குப் பின்னால் குந்தி, அறுத்த துண்டைக் காலுக்கடியில் செருகினார். ரம்பம் தின்ற அளவு போக, மயிரிழை குறைந்தது. மனைவி விரலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துக் கொடுத்தாள். அதை மடித்துத் துண்டுக்கடியில் வைத்து, நழுவிவிடாமல் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தார். மரத்தின் வரி வரியோடு சேர்ந்தது. நகம் வெளுத்தது.

முதலாளி நன்றாகச் சாய்ந்து பார்த்தார். இப்போது சுகமாக இருக்கிறது என்று சொல்லி, இன்னொரு டீ கொண்டுவரச் சொன்னார்.