ஓடுகிறவர்களை நிறுத்தாமல் படம் எடுப்பது எப்படி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறந்ததல்ல. எங்கள் ஸ்டுடியோக்காரர்கள் சங்க மலருக்கு, ஓட்டப் பந்தயத்தில் ஃபோகஸ் தவறாமல் படம் எடுப்பது பற்றி ஒரு பக்கம் கேட்டார்கள். மீஞ்சூரில் கல்யாணப் படம் எடுக்கும் மொஹசினுக்கு அதில் என்ன தெரியும் என்று கேட்காதீர்கள். தப்பாக எடுத்தவனுக்குத்தான் அதிகம் தெரியும்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் புகைபோக்கிகளுக்கு மேலே செங்கதிரோன் தன் பொற்கரங்களை

(வேண்டாம். அன்று மேகமூட்டம்.)

2

2006. ஒரு தொழிற்சாலையின் பாதுகாப்பு வார ஓட்டம். பெண்களில் முதலாவதாக வருபவரின் படம் ஒரு வருடம் தொழிற்சாலை வாசல் கேட்டில் தொங்கும். பேக்கிங் பிரிவு சுமலதாவுக்கு அதுதான் ஆசை. அடையாள அட்டையில் திருதிருவென முழிக்கும் முகம் போதும், ஓடும் முகத்தை ஊர் பார்க்க வேண்டும். அவள்தான் முன்னால் வந்தாள். நான் பழக்க தோஷத்தில், "இங்க பாரும்மா!" என்று கத்தினேன்.

நின்றுவிட்டாள். துப்பட்டாவைச் சரிசெய்து, தலையைச் சாய்த்துச் சிரித்தாள். அதற்குள் அவளோடு வேலை செய்யும் கெங்கம்மாள் தாண்டி ஓடி ஜெயித்துவிட்டாள்.

"இன்னா பாய், நீ கேமராவத் தூக்குனா என் காலு தானா நின்னுக்குது. என் கண்ணாலத்துல ரெண்டு நாளு நிக்க வெச்சே சாவடிச்சியே!" என்றாள் சுமலதா.

அவள் கல்யாணப் படமும் என் கைவண்ணம்தான்.*

* ஆரம்பாக்கத்தில். அதில் ஃபோகஸ் பிரமாதம்.

பதறிப்போய்க் கெங்கம்மாளை எடுத்தேன். கேட்டில் ஒரு வருடம் மின்கம்பம் தெளிவாகவும் கெங்கம்மாள் புகையாகவும் இருந்தார்கள்.

3

[இந்த இடத்தில் கெங்கம்மாளை வில்லியாக்கிப் பார்த்தேன். வரவில்லை. போன் செய்தால் "நாஷ்டா துன்னியா பாய்?" என்று ஆரம்பிக்கிறவளை என்ன செய்வது?]

மறு வருடம் தயாராகப் போனேன். சங்கம் கேட்ட பாடம் இதுதான்: ஓடுபவரைத் துரத்தித் துரத்தி ஃபோகஸ் செய்யாதீர்கள். அவர் வரப்போகும் இடத்தில் முன்கூட்டியே ஃபோகஸை நிறுத்திவிட்டுக் காத்திருங்கள். எல்லைக் கோட்டுக்கு இருபதடி முன்னால், சாலையோரம் அரைச் செங்கல் ஒன்றை வைத்துக் குறிபார்த்தேன். பின்னணியில் கம்பம் இல்லாத வெறும் மதில். சுமலதாவின் கண்ணில் படக்கூடாதென்று, அங்கே நின்றிருந்த ஒரு லாரிக்குப் பின்னால் மண்டியிட்டேன்.

கெங்கம்மாள் முன்னால் வந்தாள், மூன்றடி பின்னால் சுமலதா. சக்கரத்தின் பக்கம் நீட்டியிருந்த என் லென்ஸ் கெங்கம்மாளின் கண்ணில் பட்டுவிட்டது. செங்கல்லருகே டக்கென்று நின்றாள்.

"பாய், இந்த வாட்டியாவது கம்பம் வராம என்னிய எடு!"

அமுக்கினேன்.

4

முடிவு அ: சுமலதா தாண்டி ஓடி ஜெயிக்கிறாள். (நின்றவளை முந்துவதெல்லாம் ஒரு ஜெயிப்பா என்று அவளே என்னிடம் சண்டைக்கு வருவாள்.)

முடிவு ஆ: "ஓடுடி!" என்று சுமலதா கையைப் பிடித்து இழுக்க, இருவரும் சேர்ந்து

(எழுதும்போதே எனக்குக் கண் கலங்கியது. அதனால் நம்பவில்லை.)

நடந்தது எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன். படத்தைச் சொல்கிறேன். இடுப்பில் கை வைத்துச் சிரிக்கும் கெங்கம்மாள். அவள் தோளருகே சுமலதா, வாய் திறந்திருக்கிறது, இரண்டு காலும் தரையில் இல்லை. வேர்வையை எண்ணலாம், அவ்வளவு தெளிவு. ஓடுபவருக்கு முன்னால் இடம் விடவேண்டும் என்பார்கள். நான் பாதிப் படத்தையே காலியாக விட்டிருந்தேன். கேட்டில் அதைத்தான் மாட்டினார்கள். அதன் முன்னால் நின்று இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

யார் ஜெயித்தது என்கிறீர்களா? சுமலதா இன்னும் அந்தரத்தில்தான் இருக்கிறாள். காலை நீங்களே ஊன்றவையுங்கள். தயவுசெய்து, "இங்க பாரும்மா" என்று மட்டும் கூப்பிட்டுவிடாதீர்கள்.